இரட்டைப் பிரஜாவுரிமை: ஒரே வீட்டுக்குள் ஆளுக்கொரு விதி ஏன்?

கிளிநொச்சியிலிருந்து எழுதியிருக்கும் நண்பர் கேட்டிருப்பது இதுதான். ரொறொன்ரோவில் வாழும் அண்ணா இலங்கையின் இரட்டைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கப் போகிறார். அவருக்குக் கிடைத்தால், அங்கே பிறந்த 21 வயது மகனுக்கும் அவனுக்குப் பின் பிறந்த மகளுக்கும் அது தானாகவே கிடைக்குமா? அண்ணியின் குடும்பம் மலையகத்திலிருந்து 1977 கலவரத்தின் பின் தர்மபுரத்துக்கு வந்த குடும்பம், அவர் பதிவுப் பிரஜை, அதாவது பதிவால் பிரஜாவுரிமை பெற்றவர்; அது அவருக்குத் தடையாகுமா? அப்பாவின் காணிகளை அந்தப் பிள்ளைகளின் பெயருக்கு எழுத முடியுமா? இவற்றுக்குப் பின் கடைசி வரியில், தமிழ்நாட்டு முகாமிலிருந்து திரும்பிவந்த தங்கையின் 15 வயது மகளுக்கும் இரட்டைப் பிரஜாவுரிமை எடுக்க வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறார். கேள்விகள் பல என்றாலும் அவற்றின் அடியில் இருப்பது ஒன்றுதான்: ஒரு வீட்டில் ஒருவருக்குப் பொருந்தும் விதி மற்றவர்களுக்கும் பொருந்துமா என்பது. பொருந்தாது. ஒவ்வொருவரும் பிரஜையான வழியும், பிரஜாவுரிமையை இழந்த வழியும் வேறு வேறாக இருப்பதால், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத்தான் விடை சொல்ல வேண்டும்.

நான் வவுனியாவில் 20 ஆண்டுகளுக்கு மேலாகச் சட்டத்தரணியாகவும் நொத்தாரிசாகவும் தொழில் செய்பவன். 2009க்குப் பின், செட்டிகுளம் மெனிக் பாம் இடம்பெயர்ந்தோர் முகாமிலிருந்து ஒரு துண்டுக் காகிதமும் இல்லாமல் வெளியே வந்த குடும்பங்களுக்குப் பிறப்பத்தாட்சிப் பத்திரமும் அடையாள அட்டையும் எடுத்துக் கொடுப்பதிலேயே என் பல ஆண்டுகள் கழிந்தன. இலங்கைச் சட்டத்தைப் பற்றி நான் சொல்வது அந்தப் பழக்கத்திலிருந்து வருவது. கனடாவிலோ இந்தியாவிலோ நான் வழக்காடியதில்லை. அந்த நாடுகளைப் பற்றிச் சொல்லும் இடங்களில் பொதுவாக அறியப்பட்ட விதிகளுக்கு அப்பால் போகமாட்டேன்.

முதலில் உறுதியாகச் சொல்லக்கூடியவை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அவ்வாண்டு நவம்பர் 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. அந்தச் சட்டத்தில் இலங்கை மண்ணில் பிறந்தது மட்டுமே ஒருவரைப் பிரஜையாக்காது. வம்சாவழியால், அதாவது பெற்றோர் வழியில், பிரஜையாகலாம், அல்லது பதிவால் பிரஜையாகலாம். மூன்றாவது வழி இல்லை. மலையகத் தமிழர் இலட்சக்கணக்கில் நாடற்றவர்களானதும் இதனாலேயே. இழப்பதற்கும் இரண்டு முக்கியமான வழிகள் இருக்கின்றன. வளர்ந்த ஒருவர் தாமாகவே விரும்பி வேறு நாட்டின் பிரஜையானால், அந்த நாளிலேயே அவருடைய இலங்கைப் பிரஜாவுரிமை முடிந்துவிடுகிறது. பிறக்கும்போதே வேறு நாட்டுப் பிரஜையாகவும் வம்சாவழியால் இலங்கைப் பிரஜையாகவும் இருக்கும் பிள்ளைக்கு அப்படியல்ல. 22 வயது நிறையும்வரை இரண்டையும் வைத்திருக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதற்குள் மற்ற நாட்டின் பிரஜாவுரிமையைத் துறந்து அறிவிக்காவிட்டால் இலங்கைப் பிரஜாவுரிமை நின்றுவிடும். தகப்பனுக்கு ஒரு விதி, மகனுக்கு இன்னொரு விதி என்ற வேறுபாடு தொடங்குவது இந்த இடத்தில்தான்.

உங்கள் அண்ணா முதல் வகையைச் சேர்ந்தவர். கனடாவில் பிரஜையாகச் சத்தியப்பிரமாணம் செய்த அன்றே அவர் இலங்கைப் பிரஜையாக இருப்பது முடிந்துவிட்டது. அகதியாக அங்கே ஏற்கப்பட்டதாலோ, நிரந்தர வதிவிட உரிமை பெற்றதாலோ, அந்த நாடு கொடுத்த அகதிப் பயண ஆவணத்தில் பயணித்ததாலோ அது முடியவில்லை. இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அகதி அட்டை எடுத்ததோடு ஊர் உரிமை போய்விட்டது என்று நம்பிக்கொண்டிருக்கும் பெரியவர்களை இன்றும் சந்திக்கிறேன். அதற்கு நேர்மாறான பிழையும் நடக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் பெரியவர் ஒருவர் வவுனியா நகரத்தில் வீட்டுக் காணி ஒன்று வாங்குவதற்காக என் அலுவலகத்துக்கு வந்தார். சட்டைப் பையிலிருந்து, ஓரம் பிரிந்து மங்கிய, இலக்கத்தின் முடிவில் ‘வி’ எழுத்திட்ட பழைய அடையாள அட்டையை எடுத்து மேசையில் வைத்து, “நான் இலங்கைப் பிரஜைதானே, எழுதுங்கோ” என்றார். பேச்சோடு பேச்சாக, கனடாக் கடவுச்சீட்டு எடுத்துப் பதினொரு வருடம் என்றும் சொன்னார். அந்த அட்டையை யாரும் அவரிடமிருந்து திருப்பி வாங்கவில்லை. ஆனால் அது குறிக்கும் உரிமை பதினொரு வருடத்துக்கு முன்பே முடிந்திருந்தது. அன்று நான் காணி உறுதி எழுதவில்லை. எழுதியிருந்தால், 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி அந்தக் கைமாற்றமே செல்லாமல் போய், அவர் கொண்டுவந்த பணம் நடுவில் நின்றிருக்கும்.

அண்ணாவுக்கு வழி 1987ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் திருத்தத்தால் வந்தது. அது பிரஜாவுரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவில் இரண்டு கதவுகளைத் திறந்தது. வேறு நாட்டுப் பிரஜையானதால் இழந்தவர், இழந்ததை மீளப் பெற விண்ணப்பிக்கலாம். இன்னும் இழக்காதவர், இழக்கப் போகிறேன் என்று தெரிந்து, முன்கூட்டியே தக்கவைத்துக்கொள்ள விண்ணப்பிக்கலாம். இரண்டிலும், அப்படிப் பிரகடனம் செய்வது இலங்கைக்கு நன்மையானது என்று அமைச்சர் திருப்தியடைய வேண்டும். ஆகவே இதை உரிமையாகக் கேட்டுப் பெற முடியாது, விண்ணப்பித்துத்தான் பெற வேண்டும். 2011இல் இந்த வழி நிறுத்தப்பட்டு 2015இல் மீண்டும் திறக்கப்பட்டதை நினைவில் வைத்திருந்தால் இதன் தன்மை விளங்கும். நடைமுறையில் குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் சில வகுப்புகளாக விண்ணப்பங்களை ஏற்கிறது: 55 வயதைத் தாண்டியவர்கள், கல்வி அல்லது தொழிற்றகைமை உடையவர்கள், இலங்கையில் 25 இலட்சம் ரூபாய்க்குக் குறையாத அசையாச் சொத்து உடையவர்கள், குறித்த தொகையை மூன்றாண்டு நிலையான வைப்பில் இடுபவர்கள் என்று அவை போகும். கட்டணம் வர்த்தமானியால் அவ்வப்போது மாறுவதால், விண்ணப்பிக்கும் வாரத்தில் திணைக்களத்திடமே கேட்டுக்கொள்ளுங்கள்; முகவர் சொல்லும் தொகையை நம்பிக் காசு கட்ட வேண்டாம்.

இனி மகன். அவன் கனடாவில் பிறந்ததாலேயே கனடாப் பிரஜை. அவனாக எதையும் விரும்பி எடுக்கவில்லை. நீங்கள் எழுதியிருப்பதன்படி, அண்ணா கனடாப் பிரஜையானது மகன் பிறந்து இரண்டு வருடத்தின் பின். எனவே மகன் பிறந்த நாளில் தகப்பன் இலங்கைப் பிரஜை. மகன் வம்சாவழிப் பிரஜையாவதற்கு அடிப்படை இருக்கிறது. ஆனால் வெளிநாட்டில் பிறந்த பிள்ளைக்கு அடிப்படை மட்டும் போதாது. பிறந்து ஒரு வருடத்துக்குள், அல்லது தகுந்த காரணம் காட்டி அமைச்சர் அனுமதிக்கும் மேலதிக காலத்துக்குள், அந்தப் பிறப்பு இலங்கைத் தூதரகத்திலோ கொழும்பிலோ பதியப்பட்டிருக்க வேண்டும். முதலில் அண்ணாவிடம் கேளுங்கள்: மகனின் பிறப்பை ஒட்டாவாவிலோ ரொறொன்ரோவிலோ உள்ள இலங்கை அலுவலகத்தில் பதிந்தார்களா? பதிந்திருந்தால், மகன் இன்று ஏற்கெனவே இரு நாட்டுப் பிரஜை. 22ஆவது பிறந்தநாளுக்கு முன் தக்கவைத்துக்கொள்ளும் விண்ணப்பம் கொடுத்துவிட வேண்டும். பதியவில்லை என்றால், பிந்திய பதிவையும் அதையும் அடுத்தடுத்துச் செய்ய வேண்டியிருக்கும்; நாட்கள் குறைவு. 22 வயதுக்குக் குறைந்த, மணமாகாத பிள்ளையைத் தகப்பனின் இரட்டைப் பிரஜாவுரிமையைச் சார்ந்து விண்ணப்பிக்கத் திணைக்களம் இடம் கொடுக்கிறது. அந்த வயது தாண்டிவிட்டால், மகன் தன் சொந்தத் தகைமையையோ சொத்தையோ காட்டித் தனியாக நிற்க வேண்டும்; பல்கலைக்கழகம் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையிடம் இரண்டும் இராது. ஆகவே, தானாகக் கிடைக்குமா என்ற உங்கள் கேள்விக்கு விடை, கிடைக்காது என்பதுதான். ஆனால் இந்த வருடம் கேட்டால் எளிதாகக் கிடைக்கக்கூடியது அடுத்த வருடம் கடினமாகிவிடும்.

மகளின் நிலை வேறு. அவள் பிறந்தபோது அண்ணா இலங்கைப் பிரஜையாக இருக்கவில்லை. தகப்பன் வழியில் பார்த்தால் அவளுக்கு வம்சாவழியே இல்லை. இல்லாத ஒன்றை மீளப் பெறவும் முடியாது. அண்ணா இப்போது இரட்டைப் பிரஜாவுரிமை பெற்றாலும் அது பிரகடனத்தில் குறிக்கப்படும் திகதியிலிருந்தே ஓடும். நான் கையாண்டவற்றில் அந்தத் திகதி ஒருபோதும் பிள்ளை பிறந்த காலத்துக்குப் பின்னோக்கிப் போனதில்லை. ஆனால் உங்கள் கேள்வியில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரி இருக்கிறது: அண்ணி கனடாப் பிரஜையானது அண்ணாவுக்கு நான்கு வருடம் பிந்தி என்றும், மகள் அந்த இடைவெளியில் பிறந்தாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் உங்கள் கடிதத்திலேயே மிக முக்கியமான வரி. 2003ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத் திருத்தம் வரும்வரை பிரஜாவுரிமை பொதுவாகத் தகப்பன் வழியில்தான் இறங்கியது. அந்தத் திருத்தத்தின் பின், தாய் தகப்பன் இருவரில் ஒருவர் பிள்ளை பிறந்த நேரத்தில் இலங்கைப் பிரஜையாக இருந்தால் போதும். மகள் பிறந்த அன்று அண்ணி இன்னும் இலங்கைப் பிரஜை. எனவே தாய் வழியில் அவள் வம்சாவழிப் பிரஜையாகப் பதியப்படத் தகுதியுடையவள். அண்ணியின் கனடாப் பிரஜாவுரிமைச் சான்றிதழில் உள்ள திகதியையும் மகளின் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் உள்ள திகதியையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சான்றிதழின் திகதி ஒரு நாளாவது பிந்தியிருந்தால் அவளுக்கு வழி உண்டு. முந்தியிருந்தால் சட்டத்தின் சொற்களின்படி அவளுக்கு இடம் இல்லை. திணைக்களம் ஏதாவது சலுகை காட்டுமா என்பதை எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள்.

அண்ணி பதிவுப் பிரஜை என்பது இதற்குத் தடையா? இல்லை, இதை உறுதியாகச் சொல்கிறேன். அவருடைய பெற்றோரைப் போன்றவர்கள் 1948இல் நாடற்றவர்களாக்கப்பட்டு, 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் இந்தியாவுக்கு இத்தனை பேர், இலங்கைக்கு இத்தனை பேர் என்று எண்களாகப் பிரிக்கப்பட்டு, 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டத்தாலும் பின்னர் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தாலும் பிரஜாவுரிமை பெற்றவர்கள். கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் இவர்கள் பல்லாயிரம் பேர் இருக்கிறார்கள். காடு வெட்டிக் கழனியாக்கிய இந்த மக்களைப் பார்த்து ‘நீ பதிவுப் பிரஜைதானே’ என்று குறைவாகச் சொல்வதைக் கேட்கும்போது எனக்கு இன்றும் மனம் கொதிக்கிறது. பதிவுப் பிரஜையின் பிள்ளை வம்சாவழிப் பிரஜையே. பதிவுப் பிரஜை வேறு நாட்டுப் பிரஜையாகி இழந்தாலும், மீளப் பெறும் 19ஆம் பிரிவு அவரையும் உள்ளடக்குகிறது. 2003இல் வந்த இரண்டு சட்டங்களைத்தான் மக்கள் குழப்பிக்கொள்கிறார்கள்: 16ஆம் இலக்கம் தாய் வழியைத் திறந்தது, 35ஆம் இலக்கம் 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்களின் சந்ததியினருக்கும் பிரஜாவுரிமை கொடுத்தது. இரண்டாவதில் பலர், சமாதான நீதவான் ஒப்பமிட்ட பொதுப் பிரகடனம் ஒன்றை மட்டுமே கையில் வைத்திருக்கிறார்கள். அண்ணியின் வீட்டில் அப்படியான காகிதமோ 1988 காலத்துச் சான்றிதழோ இருந்தால், அதை இழந்துவிடாமல் மூலப்பிரதியையே கேட்டு வாங்குங்கள். அண்ணியின் விண்ணப்பத்தில் முதலில் கேட்கப்படுவது அதுவாகத்தான் இருக்கும்.

ஒருவர் இரண்டு பிரஜாவுரிமை வைத்திருக்க வேண்டுமென்றால் இரு நாடுகளும் உடன்பட வேண்டும் என்பதை இதை வாசிக்கும் மற்றவர்களும் கவனிக்க வேண்டும். கனடா 1977 முதல் இதை ஏற்கிறது. ஆகவே உங்கள் அண்ணாவுக்கு அந்தப் பக்கம் பயமில்லை. சுவிற்சர்லாந்து 1992 முதலும், டென்மார்க் 2015 முதலும், நோர்வே 2020 முதலும் ஏற்கின்றன. ஜேர்மனி 2024 ஜூன் 27 முதல்தான் பொதுவாக அனுமதித்தது. அதற்கு முன், முன் அனுமதி பெறாமல் விண்ணப்பித்து வேறு பிரஜாவுரிமை எடுத்தவர் ஜேர்மன் பிரஜாவுரிமையை இழக்கும் நிலை இருந்ததால், அந்தத் திகதிக்கு முன் இலங்கைப் பிரஜாவுரிமையை மீளப் பெற்றவர்கள் அங்குள்ள சட்டத்தரணி ஒருவரைப் பார்க்காமல் இருக்கக் கூடாது. நோர்வேயிலும் ஜேர்மனியிலும் பழைய விதிப்படி இலங்கைப் பிரஜாவுரிமையை எழுத்து மூலம் துறந்தவர்களின் நிலை சந்தேகத்துக்கு இடமானது. 19ஆம் பிரிவு, வேறு நாட்டுப் பிரஜையானதால் நின்றுபோனதைப் பற்றியே பேசுகிறது. தாமாகப் பிரகடனம் செய்து துறந்ததும் அதற்குள் அடங்குமா என்பதற்கு இரு பக்கமும் வாதம் உண்டு.

காணியைப் பற்றி. இரணைமடுக் குளத்தின் கீழ் இரண்டு ஏக்கர் வயல், பரந்தனில் ஒரு உறுதிக் காணி (உறுதிப் பத்திரமுள்ள சொந்தக் காணி) என்று எழுதியிருக்கிறீர்கள். உறுதிக் காணிக்கு விடை ஓரளவு தெளிவு. வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைத் தடுக்கும் 2014ஆம் ஆண்டுச் சட்டம், உரிமையாளரின் நெருங்கிய உறவினருக்கு நன்கொடையாலோ மரண சாசனத்தாலோ சாசனமில்லாத வாரிசுரிமையாலோ போவதை விலக்கி வைத்திருக்கிறது. இரட்டைப் பிரஜைக்கு அந்தத் தடையே இல்லை. எனவே அப்பா அண்ணாவுக்கு நன்கொடை எழுத, அண்ணா இரட்டைப் பிரஜையாகும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அண்ணா உயிரோடு இருக்கையில் பேரப்பிள்ளைகள் அந்த ‘நெருங்கிய உறவினர்’ என்ற சொல்லுக்குள் வருவார்களா என்பது வாதத்துக்கு உரியது. நானாக இருந்தால் பேரப்பிள்ளை பிரஜாவுரிமை பெறும்வரை நேரடியாக அவர் பெயருக்கு எழுதமாட்டேன். வயல் வேறு கதை. அது காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரக் காணி, அரச காணி. அதை நொத்தாரிசிடம் எழுதிக் கொடுக்கவே முடியாது, பிரதேச செயலகத்தில் பின்னுரித்தாளரை, அதாவது தமக்குப் பின் உரித்தாளராக வருபவரை, பெயர் குறித்துப் பதிய வேண்டும். அரச காணி பிரஜைகளுக்கு என்றே வழங்கப்படுவதால், வெளிநாட்டுப் பிரஜையான ஒருவரைப் பின்னுரித்தாளராக்கும் முயற்சி பிற்பாடு தகராறாகவே முடியும். வயலைச் செய்பவர் நீங்கள் என்றால், அப்பா உங்களைக் குறிப்பதே நேரான வழி.

கடைசியாகத் தங்கையின் மகள். உங்கள் கடிதத்தில் ஒரே வரியில் வந்தாலும், எல்லோரிலும் முதலில் கவனிக்க வேண்டியவள் அவள்தான். அவளுக்கு இரட்டைப் பிரஜாவுரிமை தேவையில்லை. ஏனென்றால் அவளிடம் இப்போது ஒரு பிரஜாவுரிமைகூடப் பத்திரமாக இல்லை. இந்தியாவில் பிறந்ததால் அவள் இந்தியப் பிரஜை ஆகவில்லை. அங்கே 1987 ஜூலை 1க்கு முன் பிறந்தவர்களுக்கே மண்ணில் பிறந்தது மட்டும் போதுமாக இருந்தது. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் இந்தியப் பிரஜை என்று 2022இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை ஏற்றதும் அந்த அடிப்படையில்தான். அதற்குப் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது இந்தியப் பிரஜையாக இருக்க வேண்டும். உங்கள் தங்கையும் கணவரும் முகாமில் எத்தனை ஆண்டுகள் இருந்தாலும் இலங்கைப் பிரஜாவுரிமையை இழக்கவில்லை. ஆகவே மகள் வம்சாவழியில் இலங்கைப் பிரஜை ஆகக்கூடியவள். ஆனால் வெளிநாட்டில் பிறந்த பிள்ளை என்பதால், அண்ணாவின் மகனுக்குச் சொன்ன அதே பதிவு இவளுக்கும் வேண்டும். சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர்ஸ்தானிகராலயத்தில் பதிந்த பின் திரும்பிய குடும்பங்களும் உண்டு; படகிலோ அவசரமாகவோ வந்தவர்கள் பலர் பதியவில்லை. பதியாத பிள்ளைக்கு அடையாள அட்டை கிடைக்காது, பரீட்சை மண்டப வாசலில் அது தெரியவரும்.

முல்லைத்தீவிலிருந்து ஒரு தாய் இப்படித்தான் வந்தார். சொப்பின் பை ஒன்றுக்குள் இன்னொரு சொப்பின் பை, அதற்குள் முகாம் குடும்ப அட்டையும் நகராட்சி கொடுத்த பிறப்புச் சான்றிதழும். சான்றிதழில் தகப்பனின் பெயர் முதலெழுத்தாக மட்டும் இருந்தது, தாயின் பெயர் அவருடைய இலங்கைப் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தில் இருந்ததற்கு ஓர் எழுத்து வேறாக இருந்தது. அந்த ஓர் எழுத்துக்காகச் சத்தியக்கடதாசி, கிராம அலுவலரின் உறுதிப்படுத்தல், பிரதேச செயலகக் கடிதம் என்று ஏழு மாதம் போயிற்று. உங்கள் தங்கையிடம் உள்ள சான்றிதழை அவருடைய சொந்தப் பிறப்பத்தாட்சிப் பத்திரத்தோடும் விவாகப் பதிவோடும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் இங்கேயே சத்தியக்கடதாசி முடித்துக்கொண்டு, பிந்திய பதிவுக்கான காரணமாக அகதி வாழ்வைத் தெளிவாக எழுதி, குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிரஜாவுரிமைப் பிரிவுக்குப் பத்தரமுல்லைக்குப் போங்கள். வவுனியா அலுவலகத்தில் முதலில் விசாரித்துப் படிவத்தைச் சரிபார்த்துக்கொண்டு போனால் வீண் பயணம் குறையும். அண்ணாவின் விண்ணப்பத்துக்காக யாராவது கொழும்புக்குப் போவதாக இருந்தால், தங்கையையும் மகளையும் அதே பயணத்தில் கூட்டிச் செல்லுங்கள். மகளின் கோவையை முதலில் கொடுங்கள்.